கனடாவில் முதுநிலைப் படிப்பு: தகுதி இருந்தும் இடம் கிடைக்காதது ஏன்?

மூன்று ஆண்டுகளில் மூன்று முறை விதி மாறிவிட்டது. 2024 ஜனவரியில் கனடா அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தபோது, முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களை அதில் சேர்க்கவில்லை. 2025 ஜனவரியில் அவர்களையும் சேர்த்தது. 2026 ஜனவரி 1 முதல், அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு மாகாண ஒப்புதல் கடிதம் (உச்சவரம்புக்குள் இடம் உண்டு என்று மாகாண அரசு தரும் சான்று) தேவையில்லை என்று மறுபடி விலக்கு கொடுத்திருக்கிறது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, இனி நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் சுலபமாகக் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. தளர்ந்திருப்பது விசா விதி. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் கணினித் துறையோ, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையோ இந்த ஆண்டு எத்தனை பேரை எடுக்கும் என்பதற்கும் அந்த விதிக்கும் சம்பந்தமில்லை. 85 சதவீத மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் 7.5-உம் வைத்திருப்பவருக்கு நிராகரிப்புக் கடிதம் வருவதும், அவரைவிடக் குறைவாக எடுத்தவருக்கு உதவித்தொகையோடு இடம் கிடைப்பதும் அங்கே சாதாரணம். ஏன் என்று புரிய, யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## முடிவெடுப்பது ஒருவர் அல்ல

கனடாவில் கல்வி மாகாணங்களின் கையில் இருக்கிறது. குடிவரவு மத்திய அரசின் கையில். நுழைவுத் தேர்வு, தரவரிசைப் பட்டியல், கவுன்சிலிங் என்று நமக்குப் பழகிய எதுவும் அங்கே கிடையாது. ஒரு விண்ணப்பம் நான்கு இடங்களைக் கடக்கிறது.

1. பல்கலைக்கழகத்தின் முதுநிலைக் கல்விப் பிரிவு. குறைந்தபட்ச மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, பட்டம் செல்லுபடியாகுமா என்பதை மட்டும் பார்க்கும். இங்கே தோற்றால் வெளியே. ஜெயித்தால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.
2. துறையின் சேர்க்கைக் குழு. நான்கைந்து பேராசிரியர்கள் விண்ணப்பங்களைப் படித்துத் தங்களுக்குள் ஒரு வரிசை போடுவார்கள்.
3. ஆய்வு வழிகாட்டி. ஆய்வேடு எழுத வேண்டிய படிப்புகளில் இவர் சரி என்று சொல்லாவிட்டால் குழு சொன்னாலும் நடக்காது.
4. மத்திய குடிவரவுத் துறையான ஐஆர்சிசி. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகே இவர்கள் வேலை ஆரம்பம்.

இணையத்தில் 'தேவையான தகுதிகள்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் முதல் இடத்துக்கு உரியது மட்டும். போட்டி நடப்பதோ இரண்டாவதிலும் மூன்றாவதிலும். விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் உழைப்பில் பெரும்பகுதியை முதல் இடத்தில் கொட்டிவிடுகிறார்கள். ஐஇஎல்டிஎஸ்ஸை 7-இலிருந்து 8 ஆக்க மூன்று மாதம் செலவழித்துவிட்டு, ஆய்வு நோக்க அறிக்கையை ஒரே இரவில் எழுதுகிறார்கள்.

## எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதே முதல் குழப்பம்

நம் ஊர் கன்சல்டன்சிகளில் 'கனடாவில் பிஜி' என்று ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்களை விற்கிறார்கள்.

ஆய்வு முதுநிலை. ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து ஆய்வேடு எழுத வேண்டும். சுமார் இரண்டு ஆண்டு. அறிவியலில் எம்.எஸ்சி., பொறியியலில் எம்.ஏ.எஸ்சி. பல துறைகளில் உதவித்தொகையோடுதான் எடுப்பார்கள்.

பாடவழி முதுநிலை. வகுப்பு, தேர்வு, சில இடங்களில் இன்டர்ன்ஷிப். பொறியியலில் எம்.இங். என்பது இந்த வகை. உதவித்தொகை பொதுவாகக் கிடையாது. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணமும் மிக அதிகம். நம் ஊர் எம்.இ. போல இருக்கிறதே என்று இதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் 'ஸ்காலர்ஷிப் எங்கே' என்று தேடுபவர்கள் நிறையப் பேர். பி.எச்டி. செய்யும் எண்ணம் இருப்பவருக்கும் எம்.ஏ.எஸ்சி.தான் இயல்பான வழி.

கல்லூரிகள் தரும் பட்டமேற்படிப்புச் சான்றிதழ். எட்டு மாதம் அல்லது ஓராண்டுப் படிப்பு. பட்டம் முடித்தவர்தான் சேர முடியும் என்பதால் பெயரில் 'கிராஜுவேட்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இது முதுநிலைப் பட்டம் அல்ல. 2026-இல் வந்த விலக்கு இதற்குப் பொருந்தாது. படித்து முடித்தபின் கிடைக்கும் வேலை அனுமதியிலும், 2024 நவம்பர் 1-க்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு, அதாவது படிப்பு அனுமதிக்கு, விண்ணப்பித்தவர்களுக்கு, குறிப்பிட்ட துறைகளில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. பல்கலைக்கழகத்தின் இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஏஜென்டுகள் மூன்றாவது வகையை முன்னே தள்ளுவதற்குக் காரணம் எளிது: கமிஷன். ஆய்வுப் படிப்புக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக எந்தப் பேராசிரியரும் யாருக்கும் பணம் தருவதில்லை.

## குறைந்தபட்சத் தகுதி: மூன்று பல்கலைக்கழகங்கள்

* டொரண்டோ: முதுநிலைக்கு, இளநிலையின் கடைசி ஆண்டில் நடு 'பி' தரத்துக்கு இணையான சராசரி.
* பிரிட்டிஷ் கொலம்பியா: மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களில் 'பி பிளஸ்', அதாவது அவர்கள் அளவுகோலில் 76 சதவீதம்.
* மெக்கில்: மொத்தச் சராசரி 4-க்கு 3.0, அல்லது கடைசி இரண்டு முழுநேர ஆண்டுகளில் 3.2.

மூன்றும் கடைசி ஆண்டுகளுக்குக் கொடுக்கும் எடையைக் கவனியுங்கள். முதல் வருடத்தில் எம்-1 கணக்கில் அரியர் வைத்துவிட்டு மூன்றாம் வருடத்தில் நிமிர்ந்த பொறியியல் மாணவர்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த அரியர் ஒன்றே அவர்களைத் தகுதியிழக்கச் செய்வதில்லை. அதே நேரம் பாடவாரி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டையும் குழு முழுதாகப் பார்க்கும். இயந்திரக் கற்றல் ஆய்வுக்கு விண்ணப்பிப்பவரின் நேரியல் இயற்கணிதத்திலும் நிகழ்தகவிலும் ஓட்டை இருந்தால் மொத்தச் சராசரி அதை மறைக்காது.

76 சதவீதம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: அது கனடா சதவீதம். அங்கே 80-ஐத் தாண்டினாலே 'ஏ' வரிசை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நாடுவாரியாகத் தனக்கென ஓர் ஒப்பீட்டு அட்டவணை வைத்திருக்கிறது. இந்தியப் பட்டங்களுக்கு முதல் வகுப்பு என்பதுதான் பொதுவாகக் காணப்படும் கோடு. ஆகவே 10-க்கு 8.1 என்ற சிஜிபிஏவை நீங்களே 4-க்கு மாற்றி எழுதாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த அளவுகோலிலேயே கொடுத்துவிட்டு, மாற்றும் வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொரு குழப்பம், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் அமைப்பின் மதிப்பீட்டு அறிக்கை. நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குத் தேவைப்படும் இந்த அறிக்கையை, பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குக் கேட்பதே இல்லை. கேட்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

### மூன்றாண்டுப் பட்டம் என்ற சிக்கல்

கனடாவில் முதுநிலைக்குள் நுழைய நான்காண்டு இளநிலைப் பட்டம் அடிப்படை. பி.இ., பி.டெக். படித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகள் தருவதோ பெரும்பாலும் மூன்றாண்டு பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். முன்னணிப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்தப் பட்டம் மட்டும் போதாது. இங்கேயே இரண்டாண்டு எம்.எஸ்சி. முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அங்கே போய் இரண்டாவதாக ஒரு முதுநிலையா என்று சலித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எம்.எஸ்சி. ஆய்வேடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், விண்ணப்பத்தில் அதைவிட வலுவான பொருள் வேறில்லை.

இலங்கையிலும் இதே கோடு வேறு வடிவில் இருக்கிறது. யாழ்ப்பாணமோ பேராதனையோ கொழும்போ, நான்காண்டு சிறப்புப் பட்டம் பெற்றவர் நேராக விண்ணப்பிக்கலாம்; மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தோடு நிற்பவருக்குப் பல கதவுகள் திறக்காது. பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கையின் தகுதிச் சட்டகமே முதலாவதை 120 கிரெடிட்டோடு ஆறாம் மட்டத்திலும், இரண்டாவதை 90 கிரெடிட்டோடு ஐந்தாம் மட்டத்திலும் வைத்திருக்கிறது.

### ஆங்கிலம்

டொரண்டோ ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையாமல் கேட்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பொதுக் கோடு 6.5, ஒவ்வொரு பகுதியிலும் 6.0. துறைகள் இதற்கு மேலும் கேட்கலாம். கவிழ்ப்பது பெரும்பாலும் மொத்த மதிப்பெண் அல்ல, எழுத்துப் பகுதி. மொத்தம் 7.5 எடுத்து எழுத்தில் 6.0 வாங்கியவர் டொரண்டோவின் கோட்டைத் தாண்டவில்லை. கோட்டைத் தாண்டியபின் கூடுதல் மதிப்பெண்ணுக்குப் பெரிய பயன் எதுவும் இல்லை.

முதுநிலைச் சேர்க்கைக்கான பொதுத் திறன் தேர்வான ஜிஆர்இயைப் பல துறைகள் 2020-க்குப் பிறகு கைவிட்டுவிட்டன. பொருளாதாரம் போன்ற சில துறைகளில் இன்னும் கேட்கிறார்கள்.

## இடங்கள் குறைவாக இருப்பதன் பின்னே உள்ள கணக்கு

ஆய்வு முதுநிலையில் ஓர் இடம் என்பது வகுப்பறையில் ஒரு நாற்காலி அல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒரு மாணவரைப் பராமரிக்கும் செலவு. அந்தப் பணம், மாணவரே பார்க்கும் உதவியாசிரியர் வேலை, பல்கலைக்கழக உதவித்தொகை, பேராசிரியரின் ஆய்வு நிதி என்று பல இடங்களிலிருந்து சேர்கிறது.

அறிவியல், பொறியியல் பேராசிரியர்களுக்கு அடிப்படை நிதி, மத்திய ஆய்வு நிதிக்குழுவான என்எஸ்இஆர்சி தரும் டிஸ்கவரி கிராண்ட். வழக்கமாக ஐந்தாண்டுக்குக் கிடைக்கும். பலருக்கு அது ஆண்டுக்கு 30,000 முதல் 40,000 டாலர் என்ற அளவில் அமைகிறது. கருவி, பயணம், மாணவர் ஊதியம் எல்லாம் இதற்குள். வேறு திட்ட நிதி இல்லாத பேராசிரியர் ஓர் ஆண்டில் புதிதாக ஒருவரையோ இருவரையோதான் எடுக்க முடியும்; சில ஆண்டுகளில் யாரையும் எடுக்க முடியாது. உங்கள் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த ஆண்டு அவரிடம் பணம் இல்லை என்றால் அவ்வளவுதான். நிராகரிப்புக் கடிதத்தில் இந்தக் காரணம் எழுதப்படுவதில்லை.

வெளிநாட்டு மாணவர் என்பதால் இன்னொரு சுமையும் சேர்கிறது. மாகாண அரசுகள் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மானியம் முக்கியமாகக் கனடாக் குடிமக்களையும் நிரந்தரக் குடியிருப்பாளர்களையும் கணக்கில் கொண்டது. வெளிநாட்டு மாணவரின் கட்டணம் அதிகம். அவருக்கு உதவித்தொகை தருவதென்றால் அந்தக் கட்டணத்தையும் ஈடுகட்டுகிற மாதிரித் தர வேண்டும். ஆகவே ஏறத்தாழ சமமான இரண்டு விண்ணப்பங்களில் உள்நாட்டுக்காரர் பக்கம் சாய்வார்கள். இது பாகுபாடு என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அது வரவு செலவுக் கணக்காகத்தான் தெரிகிறது.

முனைவர் பட்டத்தில் இந்த இடைவெளி பல இடங்களில் குறைந்திருக்கிறது. டொரண்டோ பல்கலைக்கழகம் 2018 இலையுதிர் பருவம் முதல், பெரும்பாலான வெளிநாட்டு பி.எச்டி. மாணவர்களிடம் உள்நாட்டுக் கட்டணத்தையே வாங்குகிறது. 'முதுநிலைக்கு இடமில்லை, பி.எச்டி.க்கு வாருங்கள்' என்று ஒரே பேராசிரியர் சொல்வதன் பின்னணி பல சமயம் இதுதான். ஆனால் அமெரிக்காபோல இளநிலை முடித்த கையோடு பி.எச்டி. என்பது கனடாவில் பொது வழக்கம் அல்ல. பெரும்பாலான துறைகள் முதலில் முதுநிலையை எதிர்பார்க்கின்றன.

## குழு எதைப் படிக்கிறது?

பரிந்துரைக் கடிதம். இரண்டு அல்லது மூன்று கேட்பார்கள். விண்ணப்பத்தில் பேராசிரியரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அவருக்கு நேரடியாக இணைப்பு போகும். நம் கல்லூரிகளில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்: 'நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.' மூன்று பேர் பெயரிலும் ஒரே மாணவர் எழுதிய கடிதங்கள் ஒரே குரலில் பேசும். 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்' என்று மூன்றிலும் அதே மூன்று அடைமொழிகள். ஆயிரம் கடிதம் படித்தவர்களுக்கு இது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். போதாக்குறைக்கு, கல்லூரி முகவரி இல்லாமல் ஜிமெயிலிலிருந்து வரும் பரிந்துரையைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை, அல்லது கூடுதலாகச் சரிபார்க்கின்றன.

பயன்படுகிற கடிதம் எப்படி இருக்கும்? 'இறுதியாண்டு புராஜெக்டில் இவர் எழுதிய நிரல் தவறான விடை தந்தது. இரண்டு வாரம் தேடி, பிழை நிரலில் அல்ல, நாங்கள் கொடுத்த தரவில் இருக்கிறது என்று காட்டினார்' என்ற மாதிரி ஒரு சம்பவம் போதும். துறைத் தலைவர் என்ற பதவிக்காக, உங்கள் முகம்கூடத் தெரியாத ஒருவரிடம் வாங்கும் கடிதத்தைவிட, புராஜெக்டுக்கு வழிகாட்டிய இளம் உதவிப் பேராசிரியரின் கடிதம் மேல். இணைப்பில் வரும் படிவத்தில் பல நேரம், 'நீங்கள் பார்த்த மாணவர்களில் இவர் முதல் 5 சதவீதத்துக்குள்ளா, 10-க்குள்ளா' என்ற கட்டமும் இருக்கும். அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விவரம் தெரியாமல் நடுக் கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறவர்கள் உண்டு.

நோக்க அறிக்கை. 'சிறு வயதிலிருந்தே எனக்குக் கணினி மீது ஆர்வம்' என்று தொடங்கும் அறிக்கையைக் குழு மேலோட்டமாகத்தான் புரட்டும். எந்தக் கேள்வியில் வேலை செய்ய விருப்பம், அதைத் தொட்டு இதுவரை என்ன செய்தீர்கள், இந்தத் துறையில் யாருடைய ஆய்வோடு அது பொருந்துகிறது: இந்த மூன்றும் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல். இது துறைக்குத் துறை மாறும். சில துறைகளில் வழிகாட்டி ஒப்புக்கொண்ட பிறகே விண்ணப்பிக்க முடியும். வேறு சிலவற்றில் 'தனியாக எழுத வேண்டாம், குழு முடிவு செய்யும்' என்று பேராசிரியர்களே தங்கள் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் எழுதினால் கெடுதல்தான். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர மிகவும் ஆவலாக உள்ளேன்' என்ற கடிதம் ஒரே நாளில் ஐம்பது பேருக்குப் போகிறது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். எழுதுவதானால் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை உண்மையிலேயே படித்துவிட்டு, அதில் ஒரு குறிப்பான கேள்வியோடு பத்து வரிக்குள் எழுதுங்கள். இந்த ஆண்டு புதிய மாணவரை எடுக்கிறாரா என்று நேராகக் கேட்பதில் தவறில்லை. 'இல்லை' என்று பதில் வந்தாலும் ஒரு விண்ணப்பக் கட்டணம் மிச்சம். பல இடங்களில் அது 100 கனடா டாலருக்கு மேல்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் கனடாவின் ஆய்வுப் பயிற்சி அமைப்பான மைட்டாக்ஸின் குளோபலிங்க் திட்டத்தைப் பார்க்கலாம். இளநிலை மாணவர்களுக்குக் கனடாப் பேராசிரியர் ஒருவரிடம் 12 வாரக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி. இந்திய மாணவர்களுக்கும் இடம் உண்டு. அங்கே கிடைக்கும் பரிந்துரைக் கடிதத்துக்குத் தனி மதிப்பு.

## காலம்

செப்டம்பர் சேர்க்கைக்குப் போட்டி மிகுந்த துறைகளின் கடைசி நாள் டிசம்பரிலிருந்து ஜனவரி நடுவுக்குள் வந்துவிடும். பின்னோக்கி எண்ணினால், ஆங்கிலத் தேர்வும் பரிந்துரையாளரிடம் பேசுவதும் ஆகஸ்ட், செப்டம்பர் வேலை. டிரான்ஸ்கிரிப்ட் வாங்க நம் பல்கலைக்கழக அலுவலகங்களில் ஆகும் நாளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை முதலில் தொடங்குங்கள்.

## கடிதம் வந்த பிறகு: விசா

2024-இல் உச்சவரம்பு அறிவித்தபோது அந்த ஆண்டுக்கான இலக்கு சுமார் 3,60,000 அனுமதிகள். முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. 2025-க்கு 4,37,000 என்றார்கள், அதில் முதுநிலையும் அடக்கம். 2026-இல் இலக்கு 4,08,000. அதில் புதிதாக வருகிறவர்கள் 1,55,000 பேர்தான், மீதி ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் நீட்டிப்புகள். முதுநிலை மாணவரைப் பொறுத்தவரை இப்போதைய நிலை இது:

1. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாகாண ஒப்புதல் கடிதம் வேண்டாம். தனியார் நிறுவனத்தில் முதுநிலை என்றால் வேண்டும். கியூபெக் மாகாணத்துக்கு அதன் தனி ஏற்புச் சான்றிதழ் எப்போதும்போல் தேவை. மெக்கில், கான்கார்டியா, மாண்ட்ரியல் எல்லாம் அங்கேதான்.
2. பணம் காட்ட வேண்டும். கியூபெக் தவிர்த்த மாகாணங்களில், தனி ஆளுக்கு வாழ்க்கைச் செலவாக 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 கனடா டாலர். முதலாண்டுக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல். 2023 முடிய இது 10,000 டாலராக இருந்தது. பல்கலைக்கழகம் உதவித்தொகை தருவதாக எழுதிய கடிதம் இங்கே பணத்துக்குச் சமம்.
3. இந்தியர்கள் பயன்படுத்திவந்த விரைவு வழியான எஸ்டிஎஸ் 2024 நவம்பர் 8-இல் மூடப்பட்டது. முனைவர் பட்ட மாணவர்கள் கனடாவுக்கு வெளியிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்தால் 14 நாளில் பரிசீலிக்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. முதுநிலைக்கு அது இல்லை.
4. 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் ஐஆர்சிசி அந்தக் கல்வி நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்கிறது. ஏஜென்டுகள் கொடுத்த போலிக் கடிதத்தோடு போன இந்திய மாணவர்கள் அதே ஆண்டில் நாடு கடத்தலை எதிர்கொண்டதன் விளைவு இது.
5. படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். அதே சமயம், பிற்பாடு நிரந்தரமாகத் தங்க விரும்புவது ஒன்றே தற்காலிக அனுமதிக்குத் தடையாகாது என்றும் குடிவரவுச் சட்டம் சொல்கிறது. ஏற்கெனவே எம்.பி.ஏ. முடித்து எட்டு ஆண்டு வேலை பார்த்தவர் தொடர்பில்லாத ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஏன் என்பதைப் படிப்புத் திட்டக் கடிதத்தில் விளக்கியாக வேண்டும்.

படித்து முடித்த பின் கிடைக்கும் வேலை அனுமதியில் முதுநிலைக்கு ஒரு சலுகை உண்டு. 2024 பிப்ரவரி 15 முதல், இரண்டு ஆண்டுக்குக் குறைவான முதுநிலைப் படிப்பானாலும், எட்டு மாதமாவது இருந்தால், மூன்று ஆண்டு அனுமதி கிடைக்கலாம். இங்கே ஒரு பொறி: இதற்கான ஆங்கிலத் தேர்வு வேறு. சேர்க்கைக்கு எழுதிய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் மதிப்பெண்ணை ஏற்கமாட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் போன்றவற்றில் ஒன்றைத் திரும்ப எழுத வேண்டும்.

திருமணமானவர்கள் படிப்பின் கால அளவையும் பார்த்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 ஜனவரி 21 முதல், முதுநிலை மாணவரின் கணவருக்கோ மனைவிக்கோ எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்க உதவும் திறந்த வேலை அனுமதி வேண்டுமானால் அந்தப் படிப்பு குறைந்தது 16 மாதம் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் முடிகிற பாடவழி முதுநிலையில் சேர்ந்தால், உடன் வருகிறவர் இந்த வழியில் வேலைக்குப் போக முடியாது.